கவிழ்த்துப் பார்க்க வேண்டிய மேசை

தம்பி,

வேலைத்தலத்தில் நின்றுகொண்டே இதைப் பிரித்துவிடாதே. குவார்ட்டர்ஸுக்குப் போய், கைகால் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்து படி. எல்லோரும் சுகம், மழை விடவில்லை என்று நாலு வரியில் முடிகிற அப்பாவின் வழக்கமான கடிதம் இல்லை இது. சனிக்கிழமை லொறியில் உன் கல்யாணத்துக்கு நான் செய்த மேசை நீ இருக்கிற நோட்டன் பிரிட்ஜுக்கு வந்து இறங்கும். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்திருக்க வேண்டும். உன் மாமனாராக வரப்போகிற மாரிமுத்து அப்படித்தான் கேட்டிருக்கிறார், நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்கு நான் ஒரு அநியாயம் செய்திருக்கிறேன். அது என்னவென்று தெரிந்த பிறகும் நீ அவர் முகத்தைப் பார்த்து நின்றால்தான் தை மாதம் கல்யாணம். இல்லாவிட்டால் இல்லை.

பயப்படாதே, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் மேசை. பலா மரம், ஐந்தரை அடி நீளம், மூன்றடி அகலம், நாலு பலகை சேர்த்த மேல்தட்டு. சேர்ந்த இடத்தை நகத்தால் தேடினாலும் உனக்கு அகப்படாது. இதைத் தற்பெருமை என்று உன் அம்மா சொல்வாள், சொல்லட்டும். எனக்கு இப்போது என் வேலையில் ஒரு சந்தேகமும் கிடையாது. ஆனால் நீ இரும்பு வேலை செய்கிற ஆள். மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பாய். மேல்தட்டு கால்களின் மேல் நேரடியாக முறுக்கப்படாமல் இருப்பதையும், அங்கங்கே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பதையும் கண்டு, அப்பாவுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு முறுக்குகிற சாமான்களோடு உள்ளே நுழைந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஒன்பது வயதில் நம் வீட்டுக் கதவின் கீல் லூசாக இருக்கிறதென்று முறுக்கி முறுக்கி, கடைசியில் கதவையே திறக்க முடியாமல் செய்தவன்தானே நீ. உன் அம்மா ஜன்னல் வழியாகச் சோற்றுப் பானையை வாங்கினாள்.

அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. அம்மாவின் அலுமாரிக் கதவு மழை கொட்டுகிற ஆடி மாதம் இறுகிக்கொண்டு திறக்க மறுப்பதும், மாசி மாதம் தொட்டவுடன் தானாக விலகுவதும் உனக்கு ஞாபகமிருக்கும். மரத்தை அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டாலும் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிப்பதையும் கக்குவதையும் நிறுத்தாது. மழைக்காலத்தில் அகலத்தில் விரியும், வெயில் காலத்தில் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அசையாது. மேசையின் மேல்தட்டும் இதையேதான் செய்யும். அதனால் கால்களைச் சேர்க்கிற சட்டத்தின் உள்பக்கத்தில் ஒரு காடி, நீளமான பள்ளம், ஓட்டியிருக்கிறேன். சின்னச் சின்ன மரக்கட்டைகள் பத்துச் செய்து, ஒவ்வொன்றின் நுனியையும் நாக்கு மாதிரிச் செதுக்கி, நாக்கை அந்தக் காடிக்குள் விட்டிருக்கிறேன். கட்டையின் மறுபாதியை மட்டும் ஒரு ஸ்குரூவால் மேல்தட்டோடு பிடித்திருக்கிறேன். தட்டு மேலே கிளம்ப முடியாது, நாக்கு பிடித்துக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் விரியலாம், சுருங்கலாம், நாக்கு காடிக்குள் போய் வரும். உங்கள் குவார்ட்டர்ஸ் தகரக் கூரை. மழை பெய்தால் ஈரம், வெயில் அடித்தால் அனல். இந்த மேசைக்கு அங்கே ஓயாத வேலை இருக்கும். அதை அதன் பாட்டுக்கு விட்டுவிடு. இதை வைத்துக் குடும்பம், பொறுமை என்று உவமை ஏதாவது சொல்லப் போகிறேன் என்று எதிர்பார்க்காதே. நான் மரத்தைத்தான் சொல்கிறேன்.

இது எனக்குத் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. உனக்கு அப்போது ஐந்து வயது. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நாம் எந்த நாட்டு ஆட்கள் என்று தெரியாமல் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த சமயம். டயகமப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு பெரிய தொரை வந்தார். நான் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிக்கிற வேலையில் இருந்தேன். தேயிலைப் பெட்டி ஒட்டுப்பலகையில் செய்வது, அதற்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். உள்ளே சட்டம் வைத்து, ஓரத்தில் தகரம் மடித்து, எவ்வளவு நெருக்கமாக ஆணி அடிக்கிறோமோ அவ்வளவு உறுதி. நான் அடித்த பெட்டி கொழும்பு போய்க் கப்பல் ஏறினாலும் வாய் பிளக்காது என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரே நாலு பேர் முன்னால் சொல்வார். அந்தப் பெருமை என் தலைக்கு ஏறியிருந்தது. தொரசாணி பத்துப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை வேண்டும் என்று கேட்டபோது, கொழும்பிலிருந்து வரவழைக்கலாம் என்றார் தொரை. நான் முந்திக்கொண்டு, "எதுக்குங்க கொழும்பு? நானே செஞ்சு தாரேங்க" என்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் நான் முழு மரத்தில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை.

பலாப் பலகை கீழ்நாட்டிலிருந்து ஈரத்தோடு வந்து சேர்ந்தது. மேசை கேட்டிருந்த நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மூன்றே வாரம். பலகை தானாகக் காய மாதக் கணக்காகும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டோரின் மேல்மாடியில், சூடான காற்றை விட்டுக் கொழுந்து வாட்டுகிற இடத்தில், கொழுந்துத் தட்டுகளுக்கு நடுவே பலகைகளை அடுக்கிவிட்டேன். டீமேக்கர் முறைத்தார், தொரையின் மேசை என்றதும் பேசாமல் போய்விட்டார். பத்தே நாளில் பலகை அப்பளம் போலக் காய்ந்து, பச்சைக் கொழுந்து வாசம் அடித்தது. உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றிவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு தேயிலைப் பெட்டிக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். சட்டத்தின் மேல் முழுவதும் வச்சிரப் பசை காய்ச்சித் தடவி, மேல்தட்டை வைத்து அழுத்தி, கீழேயிருந்து சுற்றிவர இருபத்துநாலு ஸ்குரூ ஏற்றி, கை வலிக்க முறுக்கினேன். நத்தார் அன்று தொரை எனக்குக் கை கொடுத்தார். தொரையின் பங்களாவிலிருந்து நம் லயத்து வீட்டுக்கு வந்த வழியே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மிதப்பு.

அந்தப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல் பொறுப்பில், இருந்தவர்தான் மாரிமுத்து. இருபது வருஷம் மூன்று தொரைமாருக்குச் சமைத்தவர். அடுத்த ஆடி மாதம், மலையை மூடிக்கொண்டு மூடுபனி இறங்கிய நாட்களில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தார். "பாஸ், மேச நடுவுல தூக்கிக்கிட்டு நிக்குது. கிளாஸ் வச்சா சாயுது. ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார். தச்சு வேலைக்காரனைத் தோட்டத்தில் எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கும். "நீங்க அடுப்பப் பாருங்க அப்பு, மரத்த நான் பாத்துக்கிறேன். துணிய நல்லா இழுத்து விரிச்சா சரியாப் போயிரும்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் இன்னொரு முறையும் வந்து சொன்னார். நான் போகவில்லை. ஸ்டோரிலிருந்து பங்களா கால் மைல்தான். தம்பி, உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இந்த ஒன்றுதான்: யாராவது வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால், அவருக்கு உன் வேலை தெரியுமா தெரியாதா என்று யோசிக்காமல் எழுந்து போய்ப் பார்.

அளவுக்கு மிஞ்சிக் காய்ந்த பலகை மூடுபனியைக் குடித்து வீங்கியிருக்கிறது. விரிவதற்கு நான் இடம் விடவில்லை. அதனால் தனக்குள்ளேயே நசுங்கி, நடுவில் தூக்கியிருக்கிறது. தை மாதம் வந்து காற்று காய்ந்ததும் நசுங்கிய பலகை சுருங்கப் பார்த்தது. சுருங்கவும் நான் விடவில்லை. அப்போது குளிர் தாங்காமல் தொரசாணி மேசையைக் கணப்பு அடுப்புப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறார். தள்ளிப் போட்டவர் மாரிமுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கம்பக்கத் தோட்டத்துத் தொரைமார் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். மேசை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பிளந்துவிட்டது. கையோடு என்னைக் கூட்டிவரச் சொன்னார்கள். தொரை எல்லோர் முன்னாலும், "ஏன் பாஸ் இப்டி ஆச்சி?" என்று கேட்டார். நான் பிளவைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன். "நெருப்புக்கு ரொம்பக் கிட்டத்துல போட்டுட்டாங்க தொர. மரம் சூடு தாங்காதுங்க" என்றேன். மாரிமுத்து கையில் தட்டோடு கதவருகே நின்றார். தள்ளிப் போடச் சொன்னது யாரென்று அவர் சொல்லவில்லை. தொரசாணியும் சொல்லவில்லை. மறுநாள் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போவதற்கு அப்படிச் சாக்கு எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மேசையைச் சரிபார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். பங்களாவின் பின் வராந்தாவில் அதைக் கவிழ்த்துப் போட்டேன். இருபத்துநாலு ஸ்குரூவில் நேராக நின்றது ஒன்றுகூட இல்லை. சில வளைந்திருந்தன, சிலவற்றைச் சுற்றி மரம் நசுங்கிக் கிடந்தது. ஒரு பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. நெருப்பு இல்லாவிட்டாலும் அந்த மேசை இன்னும் ஒரு மாதத்தில் வெடித்திருக்கும். மாரிமுத்து அப்போது இன்னும் போகவில்லை. கூப்பிடு தூரத்தில், பின்னாலுள்ள அறையில் சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வயதுக் கமலா வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் தொரையிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நான் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் நீ டைபாய்டு காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். எனக்கும் பத்துச்சீட்டுக் கொடுத்தால் நாம் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும், உன் ஆஸ்பத்திரிக் கட்டிலும் போகும். இதைச் சொல்லித்தான் இத்தனை வருஷமும் என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பாஸின் வேலை தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பு. உன் காய்ச்சலின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன், தம்பி. உனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அந்தக் காய்ச்சலில் நீ எதைக் கொடுத்தாலும் துப்பினாய். தினமும் தகரக் குவளையில் ஒரு சூப் வரும், அதை மட்டும் குடித்தாய். பங்களாக் குசினியிலிருந்து அதைக் கொடுத்தனுப்பியவர் மாரிமுத்து. திங்கட்கிழமையோடு அது நின்றுவிட்டது.

அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் பர்னிச்சர் கடைக்குப் போனபோது, பழைய இங்கிலீஷ் மேசை ஒன்று ரிப்பேருக்கு வந்து கவிழ்ந்து கிடந்தது. அதில்தான் அந்த நாக்குக் கட்டைகளை முதன்முதலில் பார்த்தேன். நானா தேத்தண்ணி கொடுத்தார், ஆறிப் போகும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நான் செய்த எந்த மேசையும் வெடித்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மேசைக்குக் கீழே குனிந்து பார்க்கிற பழக்கமும் அன்றைக்கு வந்ததுதான். "கல்யாண வீட்டுல வந்து என்னாத்த தொலச்சீங்க?" என்று உன் அம்மா எத்தனை முறை என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

இப்போது, நீ கமலாவை விரும்பி, பெண் பார்க்க எங்களை அனுப்பினாயே, அந்த நாளுக்கு வருகிறேன். பெண்ணின் அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர் என்று மட்டும்தான் நீ எழுதியிருந்தாய். வாசலில் வந்து நின்ற மனுசன் மாரிமுத்து. உன் அம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "அடியாத்தே! நம்ம புள்ளைக்கி சூப்பு குடுத்தனுப்புன அப்புவில்ல!" என்று கத்தியே விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவளை உள்ளே வரச் சொன்னார். என்னைப் பார்த்து, "வாங்க பாஸ்" என்றார், அவ்வளவுதான். சமையல் அவர் கைதான். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, கோழிக்குழம்பு. இருபது வருஷம் பங்களாவில் சமைத்த கை, கத்தி பிடித்துத் தேயிலைச் செடியை வெட்டி வெட்டிக் காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையால் எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டார். அதைப் பிசைந்தபடியே விட்டுவைத்தேன். பேசி முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். ஹட்டன் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "அந்த மனுசன்கிட்ட போயி சொல்லிட்டு வாங்க. இல்லாட்டி அந்த வீட்டுல பொண்ணெடுக்கிற பேச்ச விட்டுருங்க. மூடி மறச்சு ஒரு புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டு வர எனக்கு மனசு வராது" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். மாரிமுத்து வீட்டுப் பின்னால் காய்கறிப் பாத்தியில் கோவாவுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். ஸ்குரூவைச் சொன்னேன், கவிழ்த்துப் பார்த்ததைச் சொன்னேன், அவர் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்ததைச் சொன்னேன். அவர் மண்வெட்டியை நட்டு வைத்துவிட்டு, "தெரியும் பாஸ்" என்றார். "அன்னைக்கே தெரியும். தொரமாரு எந்திரிச்சுப் போன பொறகு மேசைக்கிக் கீழ தொடைக்கக் குனிஞ்சேன். ஸ்குரூ அத்தனையும் வளஞ்சு கெடந்துச்சு. சமையக்காரனுக்கும் அந்தளவு கண்ணு இருக்குல்ல."

"தெரிஞ்சும் ஏன் அப்பு வாயத் தொறக்கல?"

"தொறந்தா ஒங்களயும் அனுப்பிருவாங்க. புள்ள ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அப்பத்தான் ரெண்டு வாயி குடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அந்தக் காய்ச்சலோட எங்கிட்டுத் தூக்கிட்டுப் போவீங்க?"

தம்பி, நான் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. அவர் தேற்றவும் இல்லை, தோளில் தட்டவும் இல்லை. நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அதுக்காக மனசு ஆறிருச்சின்னு நெனச்சிராதீங்க" என்றார். "நாங்க இங்க வந்த புதுசுல எங்க வீட்டு ஆளு மலைக்கிச் சோறு கொண்டாந்து குடுத்துட்டு, என் கையப் பாத்து அழுதுட்டுப் போவா. அவ போயி மூணு வருசமாச்சு. அவ இருக்கயில நீங்க வந்து சொல்லியிருக்கலாம்." கமலாவின் அம்மாவிடம் நான் சொல்ல முடியாமல் போனது போனதுதான்.

கடைசியில், கல்யாணத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒங்க பையன எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா இது தெரியாம தம்பி தாலி கட்டக் கூடாது. நீங்களே ஒங்க கைப்பட எழுதுங்க. கமலாகிட்ட நான் சொல்லிர்றேன். தெரிஞ்ச பொறகும் தம்பி நேரா வந்து என் மூஞ்சப் பாத்து நின்னா, அவளுக்கும் சம்மதம்னா, தையில வச்சுக்குவோம்" என்றார். நான் படியிறங்கும்போது, பிள்ளைகளுக்கு என்ன செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். மேசை என்றேன். அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "அப்ப கவுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்" என்றார். கமலா சம்மதித்துவிட்டாள் என்று நேற்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மீதி உன் கையில்.

மேசைகளின் அடிப்பக்கத்தை யாரும் இழைப்பதில்லை, மரம் அறுத்த வாளின் தழும்போடு அப்படியே விட்டுவிடுவோம். இந்த மேசைக்கு மேல்பக்கத்தை ஒரு தரம் இழைத்தேன் என்றால் அடிப்பக்கத்தை இரண்டு தரம் இழைத்திருக்கிறேன். பத்துக் கட்டையும் பளிச்சென்று தெரியும், ஒளிக்கிற இடம் ஒன்றுகூட இல்லை. இன்னும் பதினாறு வருஷம் கழித்துப் பார்த்தாலும் இதில் ஒரு கீறல் விழாது, இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். அவர் என்னை இன்னும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார், சம்பந்தி என்று வாயில் வரவில்லை. வரும்போது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உன் குவார்ட்டர்ஸுக்கு வருவார். நான் வரவில்லை. வந்தால் காடி, நாக்கு என்று விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும், அது அவர் பார்க்க வேண்டிய நேரம். நீ வாசலில் நில். அவர் முகத்தைப் பார்த்து நில். நல்ல முற்றிய பலா, ஒரு ஆளால் அந்த மேசையைக் கவிழ்க்க முடியாது. அவர் ஒரு பக்கம் பிடிக்கட்டும், மறுபக்கத்தை நீ பிடி.

அப்பா